இறங்குவது இஷ்டம்... ஏறுவது கட்டாயம்! - கிராண்ட் கேன்யனில் ஓர் இரவு தங்கக் கிளம்பும் முன்...

வெள்ளியங்கிரியோ பர்வதமலையோ ஏறியவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். பாதி வழியில் மூச்சு வாங்கினால் உட்காரலாம். முடியவே முடியாது என்றால் திரும்பி இறங்கிவிடலாம். களைப்பு முதலில், சுலபம் கடைசியில்.

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யனில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே முதலில் இறக்கம். காலையில் குளுகுளு காற்று, புதுத் தெம்பு, கண்ணெதிரே சிவப்பும் ஆரஞ்சுமாகப் பாறை அடுக்குகள். கால் தானாகக் கீழே போகும். கஷ்டமெல்லாம் திரும்பி வரும்போதுதான், அதுவும் உடம்பு ஓய்ந்துபோன நேரத்தில். 'கீழே போவது உங்கள் விருப்பம், மேலே வருவது கட்டாயம்' என்று அங்குள்ள ரேஞ்சர்கள் சொல்வது இதனால்தான். பள்ளத்தாக்குக்குள்ளிருந்து ஆண்டுக்கு 250 பேருக்கு மேல் மீட்கப்படுகிறார்கள் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

அக்டோபர், நவம்பர் அங்கே இலையுதிர் காலம். கோடை வெயில் தணிந்து, பருவமழையும் ஓய்ந்திருக்கும். கீழே இறங்கி ஓர் இரவு தங்க இதைவிட நல்ல பருவம் கிடையாது. அதனாலேயே போட்டியும் அதிகம். முகாமில் தங்க அனுமதிச்சீட்டு கட்டாயம். அதற்கான குலுக்கல் ஏறத்தாழ 4 மாதங்களுக்கு முன்பே ஆன்லைனில் தொடங்கிவிடும். அதாவது, அக்டோபர் பயணத்துக்குக் கோடையிலேயே விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்கவில்லையா? 'ஒரே நாளில் ஆறு வரை போய்விட்டு வந்துவிடலாம்' என்று மட்டும் கிளம்ப வேண்டாம். அதைச் செய்யாதீர்கள் என்று நுழைவிடத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்குப் பொருத்தமான திட்டம், சவுத் கைபாப் பாதையில் இறங்கி பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறுவது. சவுத் கைபாப் தொடங்கும் இடம் சுமார் 2,210 மீட்டர் உயரம். கிட்டத்தட்ட நம் ஊட்டியின் உயரம்தான். அங்கிருந்து 11 கிலோமீட்டர் நடந்து, கொலராடோ ஆற்றை ஒட்டிய பிரைட் ஏஞ்சல் முகாமை அடைந்தால் உயரம் 760 மீட்டருக்கும் குறைவு. பாதை ஒரு முகட்டின் மேலேயே போவதால் காட்சி அபாரம். ஆனால், வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நிழலும் அரிது. ஏறி வரும் பிரைட் ஏஞ்சல் பாதை 15 கிலோமீட்டர் நீளம் என்றாலும், நிழலும் தண்ணீரும் உண்டு. தூரம் கூடினாலும் ஏற்றத்துக்கு இதுதான் புத்திசாலித்தனம்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தப் பாதைகளில் குழாய் இருக்கிறது என்று நம்பிப் போகிறவர்கள், அந்தக் குழாயின் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. பள்ளத்தாக்கின் வடபுறம் உள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து தென்கரைக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய், 1960-களின் பிற்பாதியில் போடப்பட்டது. பழசாகிப்போய், அடிக்கடி உடையும். 2024 ஆகஸ்ட் கடைசியில் அடுத்தடுத்து பல இடங்களில் உடைந்ததில், தென்கரை ஹோட்டல்களில் இரவு தங்குவதையே சில நாள்களுக்கு நிறுத்திவைத்தார்கள். மேல்பகுதி ஓய்விடக் குழாய்களைக் குளிர்காலம் நெருங்கும்போது மூடிவிடுவார்கள். எனவே, கிளம்பும் முந்தைய நாள் எந்தக் குழாய் ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பூங்கா இணையதளத்தில் பார்த்தாக வேண்டும். இறங்கும்போதே ஆளுக்கு 4 லிட்டர் கையில் இருக்கட்டும். கூடவே ஒரு சின்ன ஃபில்டர் அல்லது குளோரின் மாத்திரை. ஓடைத் தண்ணீரைக்கூட அப்படியே குடிக்கக் கூடாது.

'அப்படியானால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் போதுமே' என்று தோன்றும். அங்கேதான் இன்னொரு ஆபத்து. வறண்ட பாலைவனக் காற்றில் வியர்வை உடனுக்குடன் ஆவியாகிவிடுவதால், எவ்வளவு வியர்த்தது என்பதே தெரியாது. வியர்வையோடு உப்பும் போயிருக்கும். ஒன்றும் சாப்பிடாமல் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றினால், ரத்தத்தில் சோடியம் அளவு இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், பிறகு குழப்பமான பேச்சு, முற்றினால் வலிப்பு. பார்ப்பதற்கு வெயில் மயக்கம் போலவே இருப்பதால், உடன் வருபவர் பதறி இன்னும் தண்ணீர் கொடுப்பார். அது நிலைமையை மோசமாக்கும். வயிறு தளும்பத் தளும்பக் குடித்திருக்கிறார், சிறுநீரும் நிறமின்றி அடிக்கடி போகிறது என்றால், தண்ணீரை நிறுத்திவிட்டு உதவிக்கு ஆள் தேட வேண்டும். வராமல் தடுக்க வழி எளிது: தாகத்துக்குக் குடிப்பது, குடிக்கும்போதெல்லாம் உப்புள்ளதாக ஏதாவது கொறிப்பது. உப்புக்கடலை, மிக்ஸர், முறுக்கு எல்லாம் இங்கே நொறுக்குத்தீனி கணக்கில் வராது, மருந்துக் கணக்குதான்! டயட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் உப்பு, தண்ணீர் அளவைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

துணி எடுத்து வைப்பதிலும் இதே தலைகீழ் கணக்கு. அக்டோபரில் தென்கரையில் பகல் வெப்பம் சராசரியாக 18 டிகிரி செல்சியஸ், இரவில் 2 டிகிரி. அதே நாளில் ஆற்றங்கரையில் பகலில் 29, இரவில் 14. நவம்பரில் மேலே இரவு வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போய், பாதையின் மேல்பகுதியில் பனி உறைந்திருக்கவும் கூடும். ஒரே கனமான ஸ்வெட்டரை நம்புவதைவிட, மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போட்டு, தேவைப்படும்போது கழற்றுவதும் போடுவதுமாக இருப்பதே வசதி. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது. மாலையில் அந்த ஈரமே நடுக்கத்தைக் கொண்டுவரும்.

முதுகுப்பை உடல் எடையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு என்றால் இன்னும் நல்லது. தண்ணீரே 4 கிலோ ஆகிவிடும் என்பதை மறந்துவிட்டு மூன்று செட் உடை வைப்பவர்கள், பாதி வழியில் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்வார்கள்.

பலரும் கோட்டை விடுவது பயிற்சியில். ஒரு மாதம் தினமும் டிரெட்மில்லில் நடந்துவிட்டுப் போவார்கள். இறக்கத்தில் வேலை செய்வது தொடையின் முன்பக்கத் தசை. உடம்பு சரியாமல் பிரேக் போடுவது அதுதான். சமதள நடையில் அதற்குப் போதிய பழக்கம் கிடைக்காது. விளைவு, மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழவே முனகல். அந்த மறுநாளில்தான் 1,300 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும்! வீட்டில் மாடிப்படி இருந்தால் போதும், பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். ஊன்றுகோல் இரண்டு இருந்தால் முழங்கால் நன்றி சொல்லும். கிளம்பும் முன் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும்போது விரல்கள் ஷூவின் முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துப்போவது அங்கே சகஜம். புது ஷூவை அங்கே வைத்துப் பழக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போயிருக்கும் அப்பா, அம்மாக்களை 'வாங்கப்பா, மெதுவா இறங்கிடலாம்' என்று அழைத்துப்போகும் ஆசை இருக்கும். மூட்டுவலி, இதயப் பிரச்னை இருந்தால் அந்த ஆசைக்கு அளவு வைப்பது நல்லது. சவுத் கைபாப் பாதையிலேயே ஒன்றரை கிலோமீட்டரில் 'ஊ ஆ பாயின்ட்' வந்துவிடும். அங்கிருந்து பார்த்தாலே வாய் பிளக்கும் காட்சி. முடிந்தால் இன்னொரு கிலோமீட்டரில் சீடர் ரிட்ஜ். திரும்பி ஏற இறங்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

கீழே முகாமில் இரும்புப் பெட்டிகள் இருக்கும். சாப்பாட்டையும் வாசனை வரும் எதையும் அதற்குள் பூட்டிவிட வேண்டும். அணில்கள் பையைக் கடித்துக் கிழிக்கும். கொஞ்சப் போனால் கையையும் கடிக்கும். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கலாம். கொலராடோ ஆற்றில் குளிக்கும் எண்ணம் வேண்டாம். மேலே உள்ள கிளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து வரும் நீர் அது. வெயில் நாளிலும் உறைய வைக்கும், இழுப்பும் பயங்கரம். பக்கத்தில் 1922-ல் கட்டப்பட்ட ஃபேன்டம் ராஞ்ச் விடுதியின் கேன்டீனில் லெமனேட் குடிக்கலாம், வீட்டுக்குக் கடிதம் போடலாம். அது கோவேறு கழுதை முதுகில் மேலே வரும். பாதையில் அந்தக் கழுதைகள் எதிரே வந்தால், பள்ளத்துப் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவர் பக்கம் ஒட்டி அசையாமல் நில்லுங்கள்.

செல்போன் சிக்னலை நம்ப முடியாது. எந்தப் பாதை, எப்போது மேலே வருவோம் என்பதை எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். ஹெட்லைட்டும் உபரி பேட்டரியும் அவசியம். அக்டோபர் நடுவில் மாலை 6 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

திரும்பும் நாளில் இருட்டு விலகும் முன்பே கிளம்பி, ஹவசுபாய் கார்டன்ஸ் வரை வந்து நீண்ட ஓய்வு எடுப்பது வழக்கம். ஹவசுபாய் பழங்குடியினர் வாழ்ந்து, பின்னர் வெளியேற்றப்பட்ட இடம் அது. 2022-ல்தான் அவர்கள் பெயரை அந்த இடத்துக்குச் சூட்டினார்கள். அங்கிருந்து மேலே இன்னும் 7 கிலோமீட்டர், வளைவு வளைவாக. பேசிக்கொண்டே நடக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். கடைசி வளைவுகளில், கையில் அரை லிட்டர் பாட்டிலும் காலில் செருப்புமாக உற்சாகமாக இறங்கி வருபவர்கள் எதிர்ப்படுவார்கள். 'ஆறு இன்னும் எவ்வளவு தூரம்?' என்று கேட்பார்கள். நின்று, நிதானமாக, உண்மையான தூரத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள்.