கார் சீட்டு பீஜா, கருப்பா? ஒரு டாக்டரின் ஓட்டு

1/
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரத்தநாட்டிலிருந்து மாப்பிள்ளை போன் பண்ணினார். என் தங்கை வீட்டுக்காரர். "மச்சான், புதுக் கார் புக் பண்ணப் போறேன். வெளிக் கலர் வெள்ளைன்னு முடிவாயிடுச்சு. உள்ள சீட்டு பீஜ் போடவா, கருப்பு போடவான்னு ஷோரூம்ல கேக்குறாங்க. நாளைக்குள்ள சொல்லணும். வீட்ல ஒரே சண்டை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

சீட்டுக் கலருக்கு டாக்டர் எதுக்கு என்று கேட்டேன். "நீங்க சொன்னா உங்க தங்கச்சி கேப்பா" என்றார். பாவம், அவருக்கு இன்னும் அந்த நம்பிக்கை இருக்கு.

2/
தங்கை கருப்புக் கட்சி. ஆறு வயசுல ஒண்ணு, மூணு வயசுல ஒண்ணு என்று ரெண்டு பசங்க. "அண்ணே, வயக்காட்டுச் சேத்தோட ஏறுவானுங்க. பீஜ் போட்டா ஆறு மாசத்துல அழுக்கு மூட்டையா ஆயிடும்."

அவள் மாமனார் பீஜ் கட்சி. அம்பாசடர் சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்து உட்கார்ந்த காலத்து மனிதர். "கருப்பு சீட்டுன்னா குகைக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்கிறார்.

நம்ம ஊரில் பாதி வீட்டில் இந்தச் சண்டை நடந்திருக்கும். அதனால் என் ஓட்டை இங்கேயே போடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

3/
முதலில் அழுக்கு.

கருப்பில் அழுக்கு தெரியாது என்பது பாதி உண்மைதான். நம்ம வண்டல் சேறு ஈரமா இருக்கும்போது கருப்பு. காய்ந்தால் வெளுத்த சாம்பல் பொடி. அது கருப்பு சீட்டில் பளிச்சென்று தெரியும். வல்லம் பக்கத்துச் செம்மண் பீஜில் தெரியும். விபூதி கருப்பில் தெரியும், குங்குமம் பீஜில் தெரியும். புது ஜீன்ஸ் சாயம் பீஜில் ஏறும், லேசில் போகாது. இதில் தங்கைக்கு ஒரு மார்க் கொடுத்துவிடலாம்.

4/
ஆனால் ஒரு விஷயம். அழுக்கு தெரியாமல் இருப்பதும் அழுக்கு இல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டாக்டர்கள் கருப்புக் கோட்டுதான் போட்டார்கள். கிருமிகள் பற்றிய அறிவு வந்த பிறகு, அந்த நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கு மாறினார்கள். வெள்ளையில் ரத்தமோ சீழோ பட்டால் உடனே தெரியும், தெரிந்தால் துவைப்போம். ஆஸ்பத்திரி பெட்ஷீட்டுக்கும் இதே கணக்குதான்.

குழந்தை வாந்தி எடுத்த இடம், பால் கொட்டிய இடம், மழையில் நனைந்து பூஞ்சை பிடிக்கிற இடம் எல்லாம் கருப்பிலும் இருக்கும். கண்ணுக்குப் படாது, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு நாள் கதவைத் திறக்காமல் விட்ட காரில் ஒரு வாடை வருமே, அது பூஞ்சை வாடை. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது ஆகாது. தெரிகிற அழுக்கைத் துடைத்துவிடுவோம். தெரியாத அழுக்கோடு அஞ்சு வருஷம் குடித்தனம் நடத்துவோம்.

5/
இப்போ வெயில். நான் ஓட்டுப் போடுவதே இதை வைத்துத்தான்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் அடித்த நாட்களில் கார்களை நிறுத்தி அளந்து பார்த்தார்கள். 2018-ல் வெளியான ஆய்வு அது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரில் சராசரியாக இருந்த சூடு:

உள்காற்று 47 டிகிரி
சீட்டு 51 டிகிரி
ஸ்டியரிங் 53 டிகிரி
டேஷ்போர்டு 69 டிகிரி

அதே ஒரு மணி நேரம் நிழலில் நின்ற காரில் சீட்டு 41, டேஷ்போர்டு 48.

38 டிகிரி என்பது நமக்குப் புதுசா என்ன? கத்திரி வெயிலில் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர்களுக்குத் தெரியும்.

6/
தோல் வெந்துபோக எவ்வளவு சூடு வேண்டும்? சூடு, நேரம் ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் போடணும். 48 டிகிரி என்றால் கால் மணி நேரம் போல ஆகும். 60 டிகிரிக்கு அஞ்சே நொடி போதும். குழந்தைத் தோல் மெல்லிசு, அதற்கு இன்னும் சீக்கிரம்.

இதைப் புத்தகத்தில் படித்தவன்தான் நான். என் முந்தைய காரில் சீட்டு கருப்பு ரெக்சின். திருவையாற்றில் ஒரு கல்யாணம். வண்டியை வெயிலில் போட்டுவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தாச்சு. திரும்பி வந்து பாவாடை சட்டையில் இருந்த மூணு வயசு மகளைத் தூக்கி சீட்டில் வைத்தேன். வீல் என்று ஒரு சத்தம். பெல்ட் பக்கிளின் உலோகம் தொடையில் பட்டுச் சிவந்து, சாயங்காலம் சின்னக் கொப்புளம். பெரிய காயம் இல்லை. ஆனால் உட்கார வைத்தது நான், அதுவும் ஒரு டாக்டர். பக்கிளைத் தொட்டுப் பார்க்க ஒரு நொடி ஆகியிருக்கும்.

(இப்படி ஆனால் 20 நிமிஷம் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் காட்டுங்க. பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.)

7/
கருப்பு எவ்வளவு சூட்டை வாங்கும் என்பதற்கு ஆய்வுக்கூடம் போக வேண்டாம், கோயிலுக்குப் போனால் போதும். மத்தியானத்தில் பிராகாரக் கல்லில் கால் வைக்க முடியாது. பல கோயில்களில் வெள்ளை பெயின்ட் அடித்து ஒரு பாதை விட்டிருப்பார்கள். எல்லாரும் அந்த வெள்ளைக் கோட்டைப் பிடித்துத்தான் நடப்பார்கள். வெயில் ஒன்றுதான், கல்லும் ஒன்றுதான். நிறம்தான் வேறு.

சர்க்கரை வியாதியில் காலில் உணர்ச்சி மரத்தவர்கள் சூடு தெரியாமல் கல்லிலேயே நடந்துவிடுவார்கள். மறுநாள் உள்ளங்காலில் கொப்புளத்தோடு வருவார்கள். "சூடே தெரியல டாக்டர்" என்பார்கள். அதுதானே பிரச்சினை. அந்தப் பெரியவர் அரை டிரவுசரோடோ வேட்டியை மடித்துக் கட்டியோ கொதிக்கிற ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தாலும் இதே கதைதான். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு 15 வருஷமாகச் சர்க்கரை. அவர் பீஜ் கேட்டது அழகுக்காக. நான் பீஜ் சொல்வது அவர் தொடைக்காக.

8/
இனிமேல் சொல்வதுதான் முக்கியம். பீஜ் போட்டால் சீட்டு தொடுகிற அளவுக்கு வரும், கொஞ்சம் சீக்கிரம் ஆறும். ஆனால் உள்ளே இருக்கிற காற்று? கண்ணாடி வழியா வெயில் உள்ளே வந்து, சூடு வெளியே போக முடியாமல் அடைபடுகிறது. எந்த நிற சீட்டாலும் அதைத் தடுக்க முடியாது.

2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு: வெளியே வெறும் 22 டிகிரி இருந்த நாளிலும் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறியது. மொத்த ஏற்றத்தில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிய பலன் இல்லை.

22 டிகிரி என்பது நமக்கு மார்கழிக் காலை. அந்தக் குளிரிலேயே இப்படியென்றால் சித்திரை மத்தியானத்தை நீங்களே யோசிங்க.

9/
அதனால் பீஜ் சீட்டுதானே என்று குழந்தையை உள்ளே விட்டுவிட்டு "ரெண்டு நிமிஷம், மருந்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று யாரும் போகாதீங்க. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் அது ஹீட் ஸ்ட்ரோக். மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் அடிபடும்.

அமெரிக்காவில் இப்படிக் காருக்குள் வெப்பத்தில் இறக்கும் குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரி 37 பேர். அதில் பாதிக்கு மேல் பெற்றோர் மறந்து விட்டுப் போனவர்கள். கிட்டத்தட்ட கால்வாசி, பூட்டாத காரில் விளையாட்டாகத் தாங்களே ஏறி மாட்டிக்கொண்டவர்கள்.

நம்ம ஊருக்கு அந்தக் கால்வாசிதான் பயம். வீட்டு வாசலில், களத்து மேட்டில் நிற்கிற காரை யார் பூட்டுகிறோம்? கண்ணாமூச்சி ஆடுகிற பிள்ளைக்கு அதைவிட நல்ல ஒளிவிடம் ஏது? வாசலில் நின்றாலும் பூட்டுங்க. சாவியைப் பிள்ளை கைக்கு எட்டாமல் வைங்க. பிள்ளையைக் காணோம் என்றால் கிணறு, குளத்தோடு காரையும் உடனே பாருங்க.

10/
அப்படி யாரையாவது கண்டால் கண்ணாடியை உடைத்தாவது வெளியே எடுங்க. நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க, புரையேறிவிடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.

11/
சரி, சீட்டுக் கலரைவிடப் பெரிய பலன் தருவது எது?

நிழல். மாப்பிள்ளை வீட்டு வாசலில் முன்னே ரெண்டு வேம்பு இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயலில் ரெண்டும் போச்சு. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பே படுத்துவிட்டபோது வேம்பு எம்மாத்திரம். கார் வாங்குகிற கையோடு ஒரு புங்கன் கன்று வைங்க என்று சொல்லியிருக்கிறேன். அது வளரும் வரை ஒரு கீற்றுக் கொட்டகை.

முன் கண்ணாடிக்கு உள்பக்கம் மடக்கு சன்ஷேடு. டேஷ்போர்டு மேல்பக்கம் எல்லாக் காரிலும் பெரும்பாலும் கருப்பாகத்தான் இருக்கும். வெளிர் நிறம் என்றால் கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுபவர் கண்ணை உறுத்தும். அந்த 69 டிகிரியைத் தடுக்க சன்ஷேடுதான் வழி.

கருப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று கேட்காதீங்க. உச்ச நீதிமன்றம் 2012-லேயே அதற்குத் தடை போட்டுவிட்டது. முன், பின் கண்ணாடி 70 சதவீதமும், பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் வெளிச்சம் விட வேண்டும்.

12/
நிறத்தோடு துணியையும் பாருங்க. ரெக்சின் துடைக்கச் சுலபம். ஆனால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் முதுகோடு ஒட்டும். வேர்க்குரு, படர்தாமரை உள்ளவர்களுக்கு நீண்ட பயணத்தில் அவஸ்தை. துணி சீட்டு காற்று விடும், சூட்டையும் சட்டென்று தோலுக்குக் கடத்தாது. ஆனால் அறுப்புக் காலத்து நெல் தூசி ஏறினால் லேசில் போகாது.

மாமனார் காலத்து வெள்ளைத் துண்டுதான் இதற்குச் சரியான வைத்தியம். பருத்தித் துண்டை விரிச்சா வேர்வையை உறிஞ்சும், சூட்டைத் தடுக்கும், வாராவாரம் துவைக்கலாம். ஆனால் இறுக்கமான சீட் கவர் மாட்டுவதற்கு முன், பக்கவாட்டு ஏர்பேக் சீட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்க. பல கார்களில் அங்கேதான் இருக்கும். கவர் அதை மறித்தால் விபத்தில் சரியாக விரியாது.

13/
"டாக்டர், எங்க மாடல்ல கருப்பு மட்டும்தான் வருது" என்பவர்களுக்கு: பரவாயில்லை, வாங்குங்க. நிழல், சன்ஷேடு, துண்டு. ஏறும் முன் கதவெல்லாம் திறந்து ரெண்டு நிமிஷம் காற்றாட விடுங்க. பக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையை உட்கார வைங்க. சூடா இருக்கே என்று பெல்ட் போடாமல் மட்டும் விடாதீங்க. பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் 14 வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளையைக் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம் என்று சட்டமே இருக்கு. அபராதத்துக்காகப் போடச் சொல்லலை, பிள்ளைக்காகச் சொல்றேன்.

14/
என் ஓட்டு: பீஜ். இல்லையென்றால் வெளிர் சாம்பல். ஓட்டுப் போட்ட காரணம் அழகு இல்லை. சின்னப் பிள்ளையும் சர்க்கரைக்காரரும் ஏறி உட்காரும் வண்டி அது.

மாப்பிள்ளை திங்கட்கிழமையே பீஜ் சொல்லிவிட்டார். தங்கை என்னோடு பேசி நாலு நாள் ஆச்சு. நேற்று மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. வாசலில் தொட்டியில் ஒரு புங்கன் கன்று. கீழே ஒரே வரி: "சீட்டு அழுக்கானா நீதான் வந்து துடைக்கணும்."

துடைக்கிறேன் தாயி. வாசல்ல நிக்கிற காரை மட்டும் மறக்காம பூட்டு.