சிவப்பு மையில் எழுதிய தவறு



சென்ற ஆண்டு பங்குத் திருவிழாவையொட்டி நம் பங்கின் மாணவ மாணவியருக்குக் கட்டுரைப் போட்டியொன்று வைத்தோம். ‘இயற்கையும் மனிதனும்’ என்பது தலைப்பு. இருபத்தாறு கட்டுரைகள் வந்து சேர்ந்தன. நடுவர் பொறுப்பை நாமே ஏற்றுக்கொண்டோம்.

அவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தெடுத்தவை போன்றிருந்தன. இயற்கையைத் தாயென வாழ்த்தித் தொடங்கின; மரம் நடுவோம் என முழங்கி முடிந்தன. எழுதிய பிள்ளை எவ்வூரைச் சேர்ந்தது, எதைக் கண்டது, யாரிடம் எதைக் கேட்டது என்பதை அவற்றிலிருந்து அறியக் கூடவில்லை. ஆயினும் சொல்லழகு மிகுந்திருந்த ஒன்றுக்கு முதற்பரிசு அளித்தோம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரை இரண்டே பக்கம். ‘எங்கள் வீட்டில் நான்கு மாடுகள் இருந்தன, இப்போது மூன்று’ என்று அது தொடங்கிற்று. மடிவீக்கம் கண்டு ஒரு பசு இறந்ததையும், அதைக் குழி தோண்டிப் புதைத்ததையும் எழுதியிருந்தாள். அப்போது அவள் பாட்டனார், முன்னாளில் செத்த மாட்டை ஏரிக்கரைக்கு அப்பால் போட்டுவிட்டால் கழுகுகள் கூட்டமாக வந்து இறங்கும் என்றும், மாலைக்குள் எலும்பு மட்டுமே மிஞ்சும் என்றும் கூறினாராம். ‘நான் ஒரு கழுகையும் பார்த்ததில்லை. அவை எங்கே போயின?’ என்று கேட்டிருந்தாள். கால்நடை மருத்துவரிடம் போய் விசாரித்திருக்கிறாள். மாடுகளுக்குப் போட்ட வலி நீக்கும் ஊசியே காரணம் என்று அவர் சொன்னாராம். ‘மாட்டின் வலி தீரக் கொடுத்த மருந்து பறவையைக் கொன்றதென்றால், கொடுத்தவர் செய்தது பாவமா? எனக்குத் தெரியவில்லை’ என்று கட்டுரையை முடித்திருந்தாள்.

நாம் சிவப்பு மையால், ‘தலைப்போடு பொருந்தவில்லை, முடிவுரை இல்லை’ என்று எழுதி அதை ஒதுக்கிவிட்டோம்.

பரிசளிப்பு முடிந்தபின் அப்பெண் அறைவாயிலில் வந்து நின்றாள். “சாமி, நான் எழுதுனதுல எது தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கிறேன்” என்றாள். நம்மால் விடை கூற இயலவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் நாம் தேடிப் படித்தறிந்ததை உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் இகழ்ச்சியாகக் குறிக்கும் பறவைக்குப் பாறு என்பது பழந்தமிழ்ப் பெயர். நம் சிறுவயதில் ஊர்ப்புறத்தில் அவற்றைக் கண்டு அருவருத்தது நினைவிருக்கிறது. உண்மையில் அவை ஊதியம் கேளாத துப்புரவாளர்கள். அழுகிய ஊனிலுள்ள கிருமிகளை அவற்றின் வயிற்றிலுள்ள கடும் அமிலம் அழித்துவிடும்.

1990-களில் இப்பறவைகள் நாடெங்கும் மடியத் தொடங்கின. இராஜஸ்தானத்தின் பரத்பூரில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் இதனை முதலில் கவனித்துப் பதிவு செய்தார். 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் மறைந்தன. மும்பையில் பார்சி மக்கள் தம் இறந்தோரை வைக்கும் அமைதிக் கோபுரங்களுக்கும் பாறுகள் வாராது போயின.

தொற்றுநோயோ எனப் பலரும் ஐயுற்றனர். லிண்ட்சே ஓக்ஸ் என்னும் கால்நடை நோயியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் பாகிஸ்தானில் இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்தனர். சிறுநீரகம் பழுதுபட்டு, உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெண்சுண்ணம் போல் படிந்திருந்தது. பூச்சிமருந்தா, நச்சு உலோகமா, நோய்க்கிருமியா என்று சோதித்தனர், எதுவும் பொருந்தவில்லை. பின்னர் கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் சென்று, மாடுகளுக்கு எவ்வெம்மருந்து கொடுக்கப்படுகிறது என்று விசாரித்தனர். டைக்ளோஃபெனாக் என்னும் வலிநீக்கி அகப்பட்டது. நம் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மருத்துவர் தரும் அதே மருந்துதான்! சிறுநீரகம் பழுதாகி இறந்த 25 பாறுகளிலும் அம்மருந்து இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பாறுகளில் ஒன்றில்கூட இல்லை. 2004-இல் இம்முடிவு வெளியாயிற்று.

இங்கே நாம் சற்று நின்றோம். பெரிய அறிஞர்கள் செய்ததும் நம் மாணவி செய்ததும் ஒரே வகையான செயலே அன்றோ? அவர்களும் கேட்டனர், இவளும் கேட்டாள்.

மருந்தேறிய மாடுகள் மிகச் சிலவே. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து இருந்தாலே பாறினம் அழியப் போதுமென அறிஞர் கணக்கிட்டுள்ளனர். ஒரு சடலத்தைப் பல பறவைகள் சேர்ந்துண்ணும். ஓரிணை ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். இழப்பை ஈடுசெய்வது எங்ஙனம்?

பாறுகள் போன இடத்துக்கு நாய்கள் வந்தன. சடலங்கள் அழுகி நீர்நிலைகள் கெட்டன. வெறிநாய்க்கடி அச்சம் பெருகிற்று. பாறுகளின் மறைவால் இந்தியாவில் 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய 5 லட்சம் மக்கள் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என 2024-இல் பொருளியலறிஞர் இருவர் கணக்கிட்டு வெளியிட்டனர். நாம் அருவருத்த பறவை நம் வீட்டு வாசலைக் காத்து வந்திருக்கிறது!

2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவதை இந்திய அரசு தடுத்தது. மனிதருக்கான பெரிய மருந்துக் குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் நிற்காமையால், 2015-இல் ஊசிக்குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. அசிக்ளோஃபெனாக், கீட்டோபுரோஃபென் ஆகியவையும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்து உண்டு. நம் மாநிலத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. முற்றும் இழந்துவிடவில்லை.

வாரம் கழிந்ததும் அப்பெண்ணையும் அவள் தகப்பனாரையும் அழைத்தோம். “தவறு உன்னுடையதன்று அம்மா, எம்முடையது” என்று கூறி, சிவப்பு மையில் எழுதியதை அவர்கள் முன்னிலையிலேயே அடித்தோம். தகப்பனார் கூச்சத்தோடு நின்றார். பெண்ணோ விடவில்லை: “அப்போ அது பாவமா இல்லையா சாமி?” என்றாள்.

குருமடத்தில் நாம் கற்ற அறநெறி இயல் அப்போது துணைக்கு வந்தது. 1995-இல் ஓர் உழவர் இரக்கத்தால் அவ்வூசியைப் போட்டார். விளைவை அறிய அவருக்கு வழியில்லை. அவர்மேல் குற்றமில்லை. அறிந்தபின், மலிவாகக் கிடைக்கிறதென்று மனிதருக்கான மருந்தை வாங்கி மாட்டுக்குப் போடுபவர் அதே சாக்கைச் சொல்ல முடியாது. எளிதில் கேட்டறியக்கூடியதைக் கேளாமலே இருப்பதும் குற்றந்தான். இதைச் சொன்னபோது தகப்பனார் மெல்ல, “போன வருசம் கடையில வாங்கித்தான் சாமி போட்டேன். டாக்டர கேக்கல” என்றார். அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. “இனிமே கேட்டுக்கிறேன்” என்றார் பிறகு.

முதற்பரிசுக் கட்டுரை எவர் கையையும் தடுத்து நிறுத்தவில்லை. இது ஒரு தகப்பனாரின் கையை நிறுத்திற்று.

மாடு வளர்க்கும் குடும்பத்தாரே, வலிக்கு ஊசி போடுமுன் எம்மருந்து என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தேறிய மாடு இறந்துபட்டால் வெளியில் போடாது ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். பெற்றோரே, பள்ளிக்குக் கட்டுரை எழுதும் பிள்ளைக்கு அழகிய தொடக்கமொன்றைத் தேடித் தராதீர்கள். ‘நீ என்ன கண்டாய்? யாரிடம் கேட்டாய்? உனக்குத் தெரியாதது எது?’ என்று மட்டும் கேளுங்கள். தெரியவில்லை என்று பிள்ளை எழுதினால் அதை அடித்துவிடாதீர்கள். அறிவு அவ்விடத்திலிருந்துதான் முளைக்கிறது.

இவ்வாண்டும் போட்டி உண்டு. தலைப்பு: ‘எங்கள் ஊரில் இல்லாமற்போன ஒன்று.’ நடுவராக இம்முறையும் நாமே அமர்வோம். சிவப்பு மைப் பேனாவை மட்டும் மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம்.