‘ஃபைனல்2’ ஃபோல்டர் போதாது

ராமநாதபுரத்து மாணவர் ஒருவர் பாம்பன் பாலத்தை வைத்து கணினி விளையாட்டு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1914-இல் திறந்த பழைய பாலம் ஒரு காட்சி, 2025-இல் திறந்த தூக்குப் பாலம் இன்னொன்று. தூக்குப் பகுதியைத் திருத்தப் போய் ரயிலே ஓடாமல் நின்றால்? ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’ ஃபோல்டர்களைத் துழாவிப் பயனில்லை.

கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைத்து, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ‘கிட்’ (Git) மென்பொருள் கைகொடுக்கும். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோவின் (Godot) எடிட்டருக்குள்ளேயே கிட்டைப் பயன்படுத்தும் வசதிக்கான வேலையை 2019 கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் செய்தவர் ஓர் இந்திய மாணவர்தான். ப்ளகினைச் சேர்த்து, மாறிய கோப்புகளைத் தேர்ந்து, ‘தூக்கும் வேகம் குறைத்தேன்’ என்று ஒரு வரி எழுதி கமிட் செய்தால், அதாவது அந்த நிலையைப் பதிந்தால், முடிந்தது. காட்சிக் கோப்பு எழுத்து வடிவில் இருப்பதால் எந்த எண் மாறியது என்பதுகூடத் தெரியும். (படங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.)

புராஜெக்ட்டுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்கள் கடைசி நாள் டெமோவோடு கமிட் வரலாற்றையும் கேட்க வேண்டும். நெட் இல்லாமலே கமிட் ஆகும்; சிக்னல் இல்லை என்ற சாக்கு செல்லாது.