தண்ணீர் இருந்தால் மீன்!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். அப்பாச்சி பழங்குடியினரின் சான் கார்லோஸ் நிலத்தில், ஹீலா ஆற்றின் குறுக்கே நிற்கிறது கூலிட்ஜ் அணை. 1930-ல் திறப்பு விழாவுக்கு முன்னாள் அதிபர் கூலிட்ஜே வந்தார். ஏரிக்குள் புல் மண்டிக்கிடந்தது. 'இது என் ஏரியாக இருந்தால் புல்லை வெட்டியிருப்பேன்' என்று கிண்டலடித்தார் நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸ்.

அப்பாச்சிகளுக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. அவர்களின் பழைய ஊர் ஏரிக்குள் போனது. முன்னோரைப் புதைத்த இடத்தின் மேல் கான்கிரீட் தளம் போட்டார்கள்.

மழையும் மலைப்பனியும் கைகொடுக்கும் வருடங்களில் ஏரி ததும்பும். கரையோரப் புதர்கள் மூழ்கும். அவற்றுக்குள் குஞ்சுகள் பதுங்கி வளரும். பாஸ், கிராப்பி, கெளுத்தி என்று வெதுவெதுப்பான நீரை விரும்பும் மீன்கள் கொழிக்கும். தூண்டிலோடு ஆட்கள் வருவார்கள். மாநில அரசின் உரிமம் இங்கே செல்லாது. பழங்குடி நிர்வாகத்திடம்தான் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

ஆனால், தேங்கும் தண்ணீர் பெரும்பாலும் கீழே உள்ள வயல்களுக்கு. வறட்சி வந்தால் ஏரி சுருங்கும். மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கும்.

நிலத்தை இழந்தவர்களுக்கு மிஞ்சியது மீன். அதுவும், தண்ணீர் மிஞ்சினால்தான்!