மருத்துவக் கூலியும் காப்பீட்டு அட்டையும்

நோய் ஒருவனை வீழ்த்துகிறது. மருத்துவச் செலவோ அவன் குடும்பத்தையே வீழ்த்துகிறது. இதனை மறுப்பார் எவரும் இலர். ஆயினும், இச்செலவு ஏன் இவ்வாறு ஏறுகிறது என்று வினவினால், மருந்து விலை கூடிவிட்டது என்பர் சிலர்; மருத்துவர்க்கு இரக்கம் குறைந்துவிட்டது என்பர் சிலர். இவை ஓரளவு உண்மையே. ஆனால் வேர் வேறிடத்தில் இருக்கிறது. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட, எம்முறையில் கொடுக்கிறோம் என்பதே முதன்மையான கேள்வி. அம்முறையை மாற்றாத வரையில், காப்பீட்டு அட்டையில் ஐந்து லட்சம் என்று எழுதினாலும் ஐம்பது லட்சம் என்று எழுதினாலும் ஏழையின் கடன் தீராது.

வானூர் வட்டத்தையும் அதனை அடுத்த மரக்காணத்தையும் எண்ணிப் பாருங்கள். கடலும் கழுவெளியும் உப்பளங்களும் சூழ்ந்த நிலம் இது. கோட்டக்குப்பம் போன்ற ஊர்களில் நம்மவர் திரளாக வாழ்கின்றனர். உப்பளத்தில் இறங்கி உழைப்போர் கோடை முழுவதும் வெயிலோடும், வெண்மையான உப்பிலிருந்து எழும் கண்கூசும் ஒளியோடும் போராடுகின்றனர். காலில் புண், கண்ணில் எரிச்சல், உடலில் நீர்வற்றல். கடும் வெப்பத்தில் உழைக்கும் உப்பளத் தொழிலாளரின் சிறுநீரகம் பழுதடைவதைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்களே எடுத்துக்காட்டியுள்ளனர். ஐப்பசி மழை தொடங்கினால் பாத்தியில் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. ஆனால் நோய்க்குச் சித்திரை என்றும் ஐப்பசி என்றும் வேற்றுமை உண்டோ?

கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கெல்லாம் கூட்டம் மிகுதி. ஒரு நாள் காத்திருந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. ஆதலின் பலர் தனியார் மருத்துவமனையை நாடுகின்றனர். பின்னர் என்ன நடக்கிறது? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் ஒரு கடிதம் படிக்கப்படுகிறது. இன்னார்க்கு அறுவைச் சிகிச்சை, இவ்வளவு பணம் தேவை. துண்டு விரிக்கப்படுகிறது. கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பில்லை நம்மில் ஒருவராவது வாங்கிப் படித்துப் பார்த்ததுண்டா?

“அரசாங்கம்தான் அட்டை கொடுத்திருக்கிறதே!” என்று கேட்பவர்க்கு விடை கூறுவோம். தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. குடும்பம் ஒன்றுக்கு 469 ரூபாய் பிரீமியத்தை அரசே செலுத்தியது. 2012 சனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, உச்சவரம்பு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ஆயிற்று. 2022 சனவரியில் புதுப்பிக்கப்பட்டபோது வருமான வரம்பு 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. பிரீமியம் 849 ரூபாய் ஆயிற்று. கட்சி பேதமின்றி எல்லா ஆட்சியும் இதனைப் பேணி வந்துள்ளன. இத்திட்டத்தால் உயிர் பிழைத்தோர் ஏராளம். இதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று.

திட்டத்துக்குள் ஒரு நல்ல முறையும் இருக்கிறது. ஒரு சிகிச்சைக்கு முழுமையாக இவ்வளவு என ஒரே தொகை. மருந்து, படுக்கை, பரிசோதனை எல்லாம் அதற்குள் அடக்கம். நோயாளியிடம் மேற்கொண்டு பணம் வாங்கலாகாது. ஆனால் அம்முறை அட்டையோடு நின்றுவிடுகிறது. அதே மருத்துவமனையில், அதே கட்டிலில், அட்டையில்லாதவனுக்கு வேறு கணக்கு! பஞ்சுக்கு ஒரு விலை, ஊசிக்கு ஒரு விலை, மருத்துவர் எட்டிப் பார்த்ததற்கு ஒரு விலை! அட்டை உள்ளவனிடமும், “இந்தப் பரிசோதனை திட்டத்தில் இல்லை, வெளியில் எடுத்து வாருங்கள்” என்பது நாம் அடிக்கடி கேட்கும் சொல்லன்றோ?

இவ்விடத்தில் நம் ஃபிக்ஹு நூல்கள் துணைபுரிகின்றன. ஒருவன் உழைப்பை விலைக்குக் கொள்வதில் இஜாரா, ஜுஆலா என இருவகை உண்டு. இன்ன வேலைக்கு அல்லது இத்தனை நாளைக்கு இவ்வளவு கூலி என்பது இஜாரா. காரியம் முடிந்தால் இவ்வளவு, முடியாவிடில் ஒன்றுமில்லை என்பது ஜுஆலா. நோய் தீர்ந்தால் இவ்வளவு என மருத்துவரோடு பேசிக்கொள்வதை அறிஞர் பலர் ஜுஆலாவின்பாற் படுத்துவர். மூன்றாவது முறை ஒன்றும் நம் வரலாற்றில் இருந்தது. டமாஸ்கஸில் நூருத்தீன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய மருத்துவமனையிலும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மருத்துவமனையிலும் மருத்துவர்க்கு வக்ஃபு வருவாயிலிருந்து சம்பளம் தரப்பட்டது. செலவு நோயாளியின் தலையில் விழவில்லை.

இன்று தனியார் மருத்துவமனையில் நடப்பது இவற்றுள் எது? இஜாராவா? அதற்குக் கூலி முன்னரே தெளிவாக அறியப்பட்டிருத்தல் வேண்டும்; இங்கோ வீடு திரும்பும் நாளில்தான் தொகை தெரிகிறது. ஜுஆலாவா? நோய் தீராவிடினும் பணம் திரும்புவதில்லையே! சந்தையில் விலை பேசாது ஒரு படி உப்பும் வாங்காத நாம், மருத்துவமனை வாயிலில் மட்டும் விலை கேளாது கையொப்பம் இடுகிறோம். செய்யும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கூலி எனில், மேன்மேலும் செய்யும் ஆசை எழாதிருக்குமா? மருத்துவர் தீயவர் என்பதன்று நம் வாதம். நல்லவரையும் வழிதவறத் தூண்டுகிறது இக்கணக்கு முறை.

ஒரே தொகை முறையிலும் குறை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் முதியோர்க்கான மெடிகேர் திட்டம் 1983இல் நோய்வகைக்கு ஒரு தொகை எனும் முறைக்கு மாறியது. மருத்துவமனையில் தங்கும் நாள் குறைந்தது. முழுதும் தேறுமுன் அனுப்பிவிடுகின்றனர் என்ற முறையீடும் எழுந்தது. சம்பள முறையில் சோம்பல் புகக்கூடும். ஆதலின் எம்முறையாயினும் கண்காணிப்பு இன்றியமையாதது. ஷைஸரீ போன்றோரின் ஹிஸ்பா நூல்கள் மருத்துவரையும் முஹ்தசிபின் பார்வையில் வைத்தன. நோயாளியின் நிலையையும் தந்த மருந்தையும் எழுதி ஒரு படியை உறவினரிடம் கொடுக்க வேண்டும். நோயாளி இறந்தால் தலைமை மருத்துவர் அதனைப் பார்த்துத் தீர்ப்புரைப்பார் என அந்நூல்கள் கூறுகின்றன. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் எண்ணப்பட்டது இன்று இயலாதா?

“தனியார் மருத்துவமனையின் விலையில் அரசு தலையிட இயலாது” என்பர் சிலர். இயலும் என்பதை இந்நாடே இருமுறை காட்டிவிட்டது. இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவிலை விதித்தது. லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட், 29,600 ரூபாய்க்கு இறங்கியது. கொரோனா பரவிய 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என்று ஆணையிட்டது. கொள்ளைநோய்க்குப் பொருந்திய நீதி குடல்வால் நோய்க்குப் பொருந்தாதா? மத்திய அரசின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 2010இல் வந்தது. கட்டணத்தைப் பார்வைக்கு வைக்க வேண்டும், அரசு வகுக்கும் வரம்புக்குள் வாங்க வேண்டும் என 2012இன் விதிகள் கூறின. வரம்பு வகுக்கப்படாமலே ஆண்டுகள் உருண்டோட, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. தமிழ்நாடு அச்சட்டத்தை ஏற்காது, தன் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தையே கைக்கொண்டுள்ளது. எச்சட்டமாயினும் விலைப்பலகை வாயிலில் தொங்கட்டும்!

“திட்டத் தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை” என்பது மருத்துவமனையாரின் வாதம். இதில் நியாயம் இருக்கக்கூடும். கட்டாத தொகையைத் திணித்தால், அது மறைமுகமாக நோயாளியின் மடியிலேயே கைவைக்கும். எனின், அவர்கள் தம் செலவுக் கணக்கைப் பொதுவில் வைக்கட்டும். ஜப்பான் நாட்டில் மருத்துவக் கட்டணம் முழுவதையும் அரசு வகுத்து, ஈராண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது. அங்கும் தனியார் மருத்துவமனைகள் மிகுதியாக நடக்கத்தான் செய்கின்றன.

இன்னொரு பிழை இவற்றினும் பெரிது. அட்டை பெரும்பாலும் கட்டிலில் விழுந்தவனுக்கே உதவுகிறது. விழாமல் காக்க உதவுவதில்லை. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் நாள்தோறும் உண்ணும் மாத்திரையின் விலை எவ்வளவு? அதனை விட்டவன் பின்னர் வாரந்தோறும் செய்துகொள்ளும் டயாலிசிஸின் விலை எவ்வளவு? இதனை உணர்ந்தே 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டு, மாத்திரை வீட்டு வாயிலுக்கு வருகிறது. மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்யத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இலேயே அமைக்கப்பட்டது. தாய்லாந்து 2002இல் எல்லார்க்கும் மருத்துவம் எனும் சட்டம் இயற்றியபோது, வட்டார மருத்துவமனைக்கு மக்கள்தொகையின்படி தலைக்கு இவ்வளவு என முன்னரே கொடுத்துவிடும் முறையைக் கைக்கொண்டது. மக்கள் நலமாய் இருந்தால் மருத்துவமனைக்கு மிச்சம், நோயுற்றால் செலவு. நம் முறையிலோ நாம் நோயுற்றால்தான் மருத்துவமனைக்கு வரவு! இவ்விரண்டில் எது நலத்தை வளர்க்கும் என்பதைச் சிறுவனும் அறிவான்.

காப்பீடு என்ற சொல்லைக் கேட்டதும் மார்க்கத்தில் ஆகுமா என ஐயுற்று அட்டையே வாங்காதிருப்போரும் நம்மிடையே உளர். வாணிகக் காப்பீட்டில் கரர், வட்டி பற்றிய கருத்து வேற்றுமைகளை உலமாக்கள் ஆராயட்டும். இத்திட்டத்திலோ ஏழை ஒரு காசும் பிரீமியம் கட்டுவதில்லை. பொதுக் கருவூலம் அவனுக்காகக் கட்டுகிறது. தன் உரிமையை விட்டுவிட்டு, பின்னர் பள்ளிவாசலில் துண்டு விரிப்பது பேணுதலாகாது.

ஆதலின் ஜமாஅத்துகள் செய்ய வேண்டியவை சில. மஹல்லாவில் எவரெவர்க்கு அட்டை இல்லை எனக் கணக்கெடுங்கள். வருமானச் சான்றுக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அலைய வேண்டிய கூலியாளுக்குப் படித்த இளைஞர் ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். மருத்துவமனை திட்டப் பட்டியலில் உள்ளதா என்று சேருமுன் கேட்டறியுங்கள். நன்கொடை கேட்டு வரும் கடிதத்தோடு எழுத்தில் தந்த மதிப்பீட்டையும் கேளுங்கள். பில்லை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். மிகை கண்டால் திட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருவோரிடம், அட்டையின் தொகையை உயர்த்துவீர்களா என்று கேளாதீர்கள். எல்லார்க்கும் ஒரே விலை, முன்னரே எழுதிய விலை, அதனைக் கண்காணிக்க ஓர் அமைப்பு — இவற்றைத் தருவீர்களா என்று கேளுங்கள்.

உப்பளத்தில் ஓட்டை அடைக்காத பாத்தியில் எத்துணை நீர் இறைத்தாலும் உப்பு விளையாது. நம் தருமமும் அரசின் வரிப்பணமும் அத்தகைய பாத்தியிலேயே இறைக்கப்படுகின்றன. முதலில் வரப்பைக் கட்டுவோம்.