மல்லையைத் தேடுவார்க்கு
கடல்மல்லை என்பது பழம்பெயர். மாமல்லபுரம் என்பது இற்றை வழக்கு. 1984-இல் யுனெசுகோ பட்டியலில் ஏறியதோ மகாபலிபுரம்! தேடுபொறியில் பக்கங்களை முன்வரிசைக்குக் கொணர்ந்து கூலி பெறுவோர், பலரும் தேடும் சொல்லையே பக்கமெங்கும் பெய்வர். ஆகவே மல்லை விடுதியார் பலர் மல்லையிலிருந்தே மகாபலியை விற்கின்றனர்.

அத்தொழில் இன்று ஆட்டங்கண்டுள்ளது. 2024 முதல் கூகுள், செயற்கை நுண்ணறிவால் விடையையே தொகுத்து மேலே இடுகின்றது. பக்கத்தைத் திறப்போர் குறைகின்றனர். எவர் எழுத்திலிருந்து அவ்விடை திரட்டப்படுகின்றது என்பதே இனி வினா. செங்கற்பட்டு இளைஞர் இத்துறையில் நிலைக்க வேண்டின், சொற்பெய்யும் வேலையை விடுத்து, உளியும் கல்லும் ஊர்வரலாறும் பற்றிப் பிழையற்ற தமிழில் எழுதப் பழகவேண்டும். 1957-இல் தொடங்கிய அரசுச் சிற்பப் பள்ளி கல்லூரியாய் வளர்ந்து அங்கேயே நிற்கின்றது. அதன் அறிவில் எத்துணை தமிழில் இணையமேறியுள்ளது?