அந்த முகத்தில் என்ன பிழை?

நம் அலுவலகத் தோழர் ஒருவரின் தாயார், வயது 64, ஜெர்மனியில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போக விசாவுக்கு விண்ணப்பித்தார். இடது கன்னத்தில் மிளகு அளவில் ஒரு மச்சம் அவருக்கு. சொந்த ஊர் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டு வந்த படத்தில் அந்த மச்சம் இல்லை. கண்ணுக்குக் கீழிருந்த கருவளையம் போயிருந்தது. நெற்றிக் கோடுகள் வழித்தெடுத்தாற்போல் மறைந்திருந்தன. மாநிறத்துக்கும் ஒரு படி கறுத்த முகத்தில் அவர் பிறந்தது முதல் கண்டிராத ஒரு ரோஜா நிறம் ஏறியிருந்தது. இரவுப் பேருந்தில் சென்னை வந்து, விண்ணப்ப மையத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தார். கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது எடிட் பண்ணின போட்டோம்மா, செல்லாது. உள்ளேயே எடுத்துக்கலாம், அங்க போங்க" என்று கையைக் காட்டினார். ஊரில் கொடுத்ததைப் போலப் பல மடங்கு கட்டி மறுபடி எடுத்தார்கள். வெளியே வந்ததும் அந்தத் தாய் மகனிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏம்ப்பா, என் மூஞ்சியில அந்த போட்டோக்காரனுக்கு என்ன தப்பு தெரிஞ்சுது?"

இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். முதலில் ஸ்டுடியோக்காரர்களிடமிருந்து வேண்டும்.

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க உட்கார்ந்தவருக்கு அடுத்து நடப்பது தெரியும். "சின் டவுன், அப்படியே இருங்க" என்று இரண்டு முறை அமுக்கி முடித்ததும் கணினிக்குப் போவார்கள். கேட்காமலே வேலை தொடங்கிவிடும். பரு, தழும்பு, மச்சம் எல்லாம் ஒவ்வொன்றாகத் துடைக்கப்படும். கன்னம் மழுங்கும். கடைசியில் நிறம் ஏறும். "கொஞ்சம் பளிச்னு போட்டுத் தரேன்" என்பது அதன் பெயர். வேலைக்கு மனுப் போடும் பையன் என்றால் யாருடைய உடம்பிலோ இருந்த கோட்டும் டையும் கழுத்துக்குக் கீழே ஒட்டப்படும். இதை உதவியாகவே நினைத்துச் செய்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் கறுப்பைக் கறையாக எண்ணும் ஒரு பழைய நோய் அந்த மவுஸ் நுனியில் இருக்கிறது. கேட்காமல் ஒருவர் முகத்தின் நிறத்தை மாற்றுவது அவரை அவமதிப்பது. கல்யாண ஆல்பத்தில் அதைச் செய்தால் மணமக்கள் கோபித்துக்கொள்வதோடு போகும். விசா படத்தில் செய்தால் ஒரு குடும்பத்தின் பயணமே தடைப்படுகிறது.

விதியில் குழப்பம் ஏதும் இல்லை. அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரம், வெள்ளை அல்லது வெள்ளையை ஒட்டிய பின்னணி, கடந்த 6 மாதத்துக்குள் எடுத்தது, தலையின் உயரம் 1 அங்குலத்திலிருந்து 1⅜ அங்குலத்துக்குள். 2016 நவம்பர் 1 முதல் மூக்குக்கண்ணாடியும் கூடாது. ஷெங்கன் நாடுகளுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர். சீனாவுக்கு 33க்கு 48. அளவுகள் நாட்டுக்கு நாடு மாறும். முகத்தை மாற்றாதே என்பது மட்டும் மாறுவதில்லை. படம் இன்றைய உருவத்தைக் காட்ட வேண்டும், மென்பொருளால் தோற்றத்தைத் திருத்தக் கூடாது என்று அமெரிக்க அரசு எழுதியே வைத்திருக்கிறது. விதிக்குப் பொருந்தாத படத்தோடு வந்த விண்ணப்பத்தை ஏற்கவே தேவையில்லை என்பது 2009-இல் வந்த ஷெங்கன் விசா விதித்தொகுப்பின் நிலை. அதாவது பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு, அழைப்புக் கடிதம் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மச்சத்தை அழித்த குற்றத்துக்காக ஒரு தாய் வரிசையின் கடைசிக்குப் போகலாம்.

ஏன் இந்தக் கண்டிப்பு என்பதை ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். பயண ஆவணங்களில் ஆளை அடையாளம் காண முகமே முதன்மை என்று பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003-இல் முடிவு செய்தது. அதுமுதல் இந்தப் படத்தை மனிதர் மட்டும் பார்ப்பதில்லை, கணினியும் பார்க்கிறது. கண் இரண்டும் எங்கே என்று தேடி, முகத்தை நேர்ப்படுத்தி, விமான நிலையத்துக் கேமரா முன் நிற்பவரோடு ஒப்பிடுகிறது. தோலின் விவரங்களை வழித்தெடுத்துவிட்டால் ஒப்பிடுவதற்கு அதனிடம் மிஞ்சுவது குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு பேரின் முகத்தைக் கலந்து ஒரே படமாக்கினால் ஒரே பாஸ்போர்ட்டை இருவரும் பயன்படுத்தலாம். 2018-இல் ஜெர்மனியில் ஒரு கலைஞர் குழு, தங்களில் ஒருவரின் முகத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பாளர் ஃபெடெரிகா மொகெரினியின் முகத்தோடு கலந்து, அந்தப் படத்துக்கு உண்மையான பாஸ்போர்ட்டே வாங்கிக் காட்டியது. இந்த மோசடிக்கு அணைபோடத்தான் ஜெர்மனி தன் குடிமக்களின் அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் 2025 மே முதல் காகிதப் படத்தையே நிறுத்திவிட்டது. உலகம் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும்போது, நம் ஊர்க் கடையில் அன்போடு செய்த டச்சப் அந்த அதிகாரியின் கண்ணுக்குத் திருட்டு வேலையைப் போலத் தெரிகிறது. மாட்டிக்கொள்வது ஒன்றும் அறியாத அந்தத் தாய்.

"அப்படியே எடுத்தா முகம் இருட்டா வருதே சார்" என்று ஸ்டுடியோக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான், இருட்டாகத்தான் வருகிறது. ஆனால் அந்த இருட்டு எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் யோசிக்க வேண்டும். கேமராவின் தானியங்கி ஒளி அளவி, எதிரே உள்ளதெல்லாம் சேர்ந்து ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக் கணக்குப் போடுவது. சட்டத்தில் பாதிக்கு மேல் வெள்ளைத் திரை நிறைந்திருந்தால், காட்சி அளவுக்கு மீறி வெளிச்சமாக இருக்கிறதென்று அது எண்ணிக்கொள்கிறது. வெளிச்சத்தைக் குறைக்கிறது. திரை சாம்பலாகிறது, நடுவில் இருக்கும் கறுத்த முகம் மேலும் கறுக்கிறது. இது கணக்கின் பிழை. அந்தப் பிழையை முகத்தின் தலையில் கட்டிவிட்டு, பிறகு கணினியில் முகத்தை வெளுக்கிறார்கள். வெளுக்கும்போது மூக்கின் விளிம்பும் தாடையின் கோடும் திரையோடு கரைந்து, அதற்காகவே படம் மறுபடி தள்ளப்படுகிறது.

செய்ய வேண்டியதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். திரையை விட்டுவிட்டு முகத்தில் ஒளியை அளந்து எடுங்கள். அளக்கத் தெரியாவிட்டால் எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றி வையுங்கள். உட்காருபவரைச் சுவரில் சாய்க்காமல் மூன்று நான்கு அடி முன்னால் இழுத்துப் போட்டால் பின்னால் நிழல் விழாது. இரண்டு பக்கமும் குடை விளக்கு. ஒன்றுதான் இருக்கிறதென்றால் எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் பலகை. நெற்றியில் எண்ணெய் மினுமினுத்தால் பவுடர் அப்பாமல் துண்டால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளைச் சட்டையில் வருபவரிடம், உடம்பு திரையோடு கலந்துபோகும், வேறு நிறச் சட்டையில் வாருங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். கைக்குழந்தையை வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைத்து, தாயின் கை சட்டத்துக்குள் வராமல் மேலிருந்து எடுங்கள். 1988-இல் வெளிவந்த 'வீடு' படத்தை பாலு மகேந்திரா எடுத்தபோது அர்ச்சனாவின் முகத்தில் வெள்ளை பூசவில்லை. அந்த முகத்தை நாம் இன்றும் மறக்கவில்லை. கறுத்த முகத்துக்கு வெளிச்சம் வைக்கும் கலையை இந்த மண்ணுக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. வேலையைக் கற்க வேண்டிய இடத்தில் முகத்தை மாற்றிக் கொடுக்கும் சோம்பலை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

நம் கண்டனம் ஊர்க் கடையோடு நின்றுவிட்டால் அது எளியவனை மட்டும் அடிக்கும் வேலையாகும். இந்தத் தொழில்நுட்பமே நம் முகத்தை மனத்தில் வைத்துப் பிறந்ததல்ல. கலர் பிலிம் காலத்தில் கோடக் நிறுவனம் பிரிண்ட் போடும் இடங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய மாதிரிப் படத்தில் பல ஆண்டுகள் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணே இருந்தார். 'ஷர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவர் தோல் சரியாக வந்தால் படம் சரி. பிலிம் போய்க் கணினி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 2016-இல் நியூசிலாந்தின் இணையப் பாஸ்போர்ட் சோதனை, ஆசிய வம்சாவளி இளைஞர் ஒருவரின் திறந்த கண்களை மூடியிருப்பதாகச் சொல்லிப் படத்தைத் தள்ளியது. பிரிட்டனின் பாஸ்போர்ட் படச் சோதனையை 2020-இல் பிபிசி ஆயிரத்துக்கு மேற்பட்ட அரசியல்வாதிகளின் படங்களை வைத்து ஆராய்ந்தது. கறுத்த பெண்களின் படங்களில் 22 சதவீதத்தைத் தரமற்றவை என்றது அந்த மென்பொருள். வெளுத்த ஆண்களுக்கு அது 9 சதவீதம். சில இனத்தவரின் முகங்களில் தங்கள் மென்பொருள் தடுமாறும் என்று தெரிந்தே பிரிட்டிஷ் உள்துறை அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது என்பதும் முந்தைய ஆண்டே வெளிவந்த செய்தி. தெரிந்தும் செய்ததைத் தவறுதல் என்று சொல்ல முடியாது. நம் பெண்களின் முகத்தைப் படிக்கத் தெரியாத ஒரு கருவியை வாசலில் நிறுத்திவிட்டு, படிக்க முடியாததற்கு அவர்களையே பொறுப்பாக்கும் எந்த அரசின் செயலும் அநீதி. எல்லா நிறத்து முகங்களிலும் ஒரே அளவில் தேறாத மென்பொருளை நீக்குங்கள். அதுவரை கருவி தள்ளிய படத்தை ஒரு மனிதர் கண்ணால் பார்த்த பின்னரே திருப்பி அனுப்புங்கள்.

விண்ணப்ப மையங்களிடம் நமக்குக் கோபம் இன்னும் கூடுதல். தூதரகங்களின் வேலையை ஏற்று, ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சேவைக் கட்டணம் வாங்கும் இடங்கள் அவை. படத்தைத் திருப்பும் கவுண்டரும், காசு வாங்கிப் படம் எடுக்கும் மூலையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. தள்ளப்படும் ஒவ்வொரு படமும் அந்த மூலைக்கு ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது. நேர்மையாகவே நடக்கிறது என்றாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும் ஏற்பாடு இது. படம் ஏன் செல்லாது என்பதை "சரியில்லை" என்ற ஒரு சொல்லில் முடிக்கிறார்கள். தலை சிறியதா, நிழல் விழுந்ததா, பழைய படமா, திருத்திய படமா என்று ஒரு சீட்டில் தமிழில் குறித்துக் கொடுத்தால், அதை ஊர் ஸ்டுடியோவில் காட்டி அடுத்தவருக்காவது திருத்திக்கொள்ளலாம். சென்னையில் நடக்கும் மையத்தில், வருகிறவர்களில் ஏராளமானோர் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்களாக இருக்கும்போது, படத்துக்கான விதியைத் தமிழில் சுவரில் ஒட்டிவைக்க என்ன தடை?

ஏஜென்டுகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. "போட்டோவ வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க" என்று சொல்லி, அந்த வழியில் சுருங்கிப்போன படத்தை இழுத்துப் பெரிதாக்கி விண்ணப்பத்தில் ஏற்றுபவர்கள் பலர். அமெரிக்க விண்ணப்பத்துக்குக் குறைந்தது 600க்கு 600 பிக்சல் வேண்டும், கோப்பு 240 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்பதை அறிந்துகொள்வது அவர்கள் தொழில். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பை மின்னஞ்சலில் வாங்குங்கள். உங்கள் அசட்டையால் படம் தள்ளப்பட்டால், மறுபடி எடுக்கும் செலவையும் வந்து போகும் செலவையும் நீங்களே ஏற்க வேண்டும்.

மாநில அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அயலகத் தமிழர் நலனுக்கென்றே ஒரு துறை வைத்திருக்கும் அரசு, பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்காக, முக்கிய நாடுகளின் பட அளவுகளை மில்லிமீட்டரில் எழுதி, சரியான படம் எது, தள்ளப்படும் படம் எது என்று நம் ஊர் முகங்களை வைத்தே காட்டும் ஒரு தாளை அச்சிட்டு ஸ்டுடியோக்களுக்கும் இ-சேவை மையங்களுக்கும் அனுப்பட்டும். அந்தத் தாளில் இருக்கும் முகங்கள் கறுப்பாக இருக்கட்டும், வயதானவையாக இருக்கட்டும், மச்சத்தோடு இருக்கட்டும்.

அந்தத் தாள் வரும்வரை ஸ்டுடியோக்கள் காத்திருக்க வேண்டாம். மாவட்டந்தோறும் சங்கம் வைத்திருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்திலேயே முடிவெடுங்கள்: பாஸ்போர்ட், விசா என்று கேட்டு வருபவரின் படத்தில் வெட்டும் வேலையையும் அளவு வைக்கும் வேலையையும் தவிர வேறெதுவும் செய்வதில்லை. அதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கணினிக்கு மேலே, வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். இதுவரை திருத்தப்பட்டுத் திரும்பி வந்த படத்தோடு யாராவது உங்கள் கடைக்கு வந்தால் காசு கேட்காதீர்கள். நாற்காலியைத் திரையிலிருந்து நான்கு அடி முன்னால் போட்டு, அவரை உட்காரவைத்து, அவர் முகத்தை அவர் முகமாகவே எடுத்துக் கொடுங்கள்.